காசு கொடுத்தவனுக்குத்தான் கெடுபிடி

கேம் விலையைப் பற்றி வாய் திறந்தாலே "கிராக் போட்டுக்கோ, எதுக்குப் புலம்புற?" என்று ஒருத்தன் வந்துவிடுவான். காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து ஆடுகிற அந்தத் திருட்டுக் காப்பியை நான் போடமாட்டேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து உருவாக்கி 300 ரூபாய்க்கு விற்கிற கேமையும் கிராக் போட்டே ஆடுகிறவன் அவன். அவனோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் பெரிய கம்பெனிகளின் அட்டகாசம் இருக்கிறதே! 60 டாலராக இருந்த கேம்கள் 2020 வாக்கில் 70 டாலர் ஆயின. இங்கே பிளேஸ்டேஷன் 5 கேம்கள் சில 4,999 ரூபாய்க்கு வந்தன. நம் சம்பளத்துக்கு அமெரிக்க விலை.

சரி, தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கியாச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆசையாக உட்கார்ந்தால், முதலில் கேமைத் திறந்துவிடுகிற லாஞ்சர் என்ற மென்பொருள் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும். அப்புறம் பாஸ்வேர்டு. அப்புறம் மெயிலுக்கு வரும் ஆறு இலக்க எண். அதற்குள் நெட் போனால் "இணைப்பைச் சரிபார்க்கவும்". தனியாக ஆடுகிற கேமுக்கு எதற்கய்யா இணைப்பு? கிராக் போட்டவன் இரண்டு கிளிக்கில் உள்ளே போய் ஆடிக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவுக்கும் பிறகு அது நம்முடையதும் இல்லை. 2014இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் கம்பெனியே 2024 மார்ச் கடைசியில் நிறுத்தியது. தனியாக ஓட்டவும் சர்வர் வேண்டும் என்பதால், கடையில் வாங்கிய டிஸ்க்கும் வீண். கலிஃபோர்னியாவில் சட்டம் வந்த பிறகுதான், நாம் வாங்குவது வெறும் உரிமம் என்பதையே கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் பணம் கட்டும் இடத்தில் போட ஆரம்பித்தது. அதுவும் பொடி எழுத்தில்.