ஒத்து ஊதுறவங்க கட்சி

போன மாசம் வீட்டு ஸ்பீக்கர் புட்டுக்கிச்சு. ரிப்பேருக்குக் குடுத்தேன், "பாக்குறேன் சார்"னு வாங்கி வெச்ச அண்ணன் இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காரு. அதனால ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது (எங்க வீட்ல ராத்திரி பாத்திரம் என் டிபார்ட்மெண்ட்) போனை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள்ள போட்டு ஜாஸ் கேக்குறேன். சொம்பு சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும், ஆனா அடித்தொண்டை சத்தம் மொத்தமும் காலி, ட்ரம்ஸ் பழைய டால்டா டப்பாவைத் தட்டுன மாதிரி இருக்கும். அப்படி ஒருநாள் கவுண்ட் பேஸி பேண்டோட 'லில் டார்லின்' ஓடுது. 1957ல ரெக்கார்ட் பண்ணது, அட்டையில அணுகுண்டு வெடிக்கிற போட்டோ போட்ட ஆல்பம். நீல் ஹெஃப்டி கொஞ்சம் வேகமா வாசிக்கத்தான் எழுதினாரு, பேஸி அதை இழுத்துப் புடிச்சு தேர் அசைஞ்சு வர்ற வேகத்துக்குக் கொண்டுவந்துட்டாரு. பத்து வருஷமா கேக்குற பாட்டு. குக்கரைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன், திடீர்னு உள்ளேருந்து ஒரு சத்தம், சக், சக், சக், சக், யாரோ பக்கத்து வீட்ல வெங்காயம் நறுக்குற மாதிரி. போன்தான் சொம்புல இடிக்குதுன்னு நெனச்சு கையைத் தொடச்சுட்டு எடுத்துப் பாத்தா, அது கிட்டார். நல்ல ஸ்பீக்கர்ல பத்து வருஷமா காதுல விழாத கிட்டார், சொம்புல விழுந்துடுச்சு.

அது ஃப்ரெடி கிரீன்.

பேரு தெரியும் எனக்கு. ஜாஸ் கேக்குறவன்னு பத்து பேர்கிட்ட பீத்திக்கிறவனுக்குப் பேரு தெரியாம இருக்குமா. ஆனா அந்த மனுஷன் வாசிக்கிறதைக் கேட்டது அன்னிக்குத்தான், நெஜமா வெக்கமா இருந்துச்சு. 1937ல பேஸி பேண்டுல சேந்தாரு, 1987ல சாகுற வரைக்கும் அங்கயேதான். அம்பது வருஷம். பேஸியே 1984ல போய்ட்டாரு, இவரு அதுக்கப்புறமும் அதே வேலை. இந்த அம்பது வருஷத்துல தனியா சோலோன்னு வாசிச்சதை விரல் விட்டு எண்ணிடலாம். பக்கத்துல பத்து பன்னெண்டு பேர் ட்ரம்பெட், ட்ரோம்போன், சாக்ஸ்னு ஊதித் தள்ளுறானுங்க, இவரு ஆம்ப்ளிஃபையர் கூட இல்லாம, கம்பியை நல்லா ஒசத்திக் கட்டிக்கிட்டு, அடிக்கு ஒரு தட்டு, நாலு அடிக்கு நாலு தட்டு, அவ்வளவுதான். அதுலயும் பல சமயம் ஒரு கம்பிதான் பேசும், மிச்சக் கம்பியெல்லாம் விரலாலயே ஊமையாக்கி வெச்சிருப்பாரு. ஆரம்பத்துல ஆம்ப்ளிஃபையர் வெச்சு சோலோ வாசிச்சுப் பாத்தாராம், இவரு சோலோவுக்குப் போனதும் கீழ தரையே காணாமப் போய் பேண்டு ஆட்டம் கண்டுடுச்சாம், அதனால கூட வாசிக்கிற ஆளுங்களே அந்த ஆம்ப்ளிஃபையர்ல எதையாவது கழட்டி விட்டுடுவாங்கன்னு ஒரு கதை சொல்வாங்க. இன்னொரு கதை இன்னும் பிரமாதம். 1950ல காசு இல்லாம பேஸி பெரிய பேண்டைக் கலைச்சுட்டு சின்னதா ஒரு குரூப் சேக்குறாரு, அதுல கிட்டார் கிடையாது. நம்மாளு கூப்பிடாமலே கிட்டாரைத் தூக்கிட்டு வந்து உக்காந்துட்டாராம். எந்திரின்னு சொல்ல யாருக்கும் தைரியம் வரல போல.

எனக்கு இதைப் படிச்சதும் ஞாபகம் வந்தது பெரிய மாமாதான், அம்மாவோட தாய்மாமா, தஞ்சாவூர்ப் பக்கம். அவரு ஒத்து. நாயனம் பாத்திருப்பீங்க, தவில் பாத்திருப்பீங்க, ஒத்து வாசிக்கிறவரை இப்ப இருக்குற பசங்க பாத்திருக்க வாய்ப்பே இல்ல. நாயனம் மாதிரியே இருக்கும், ஆனா அதுல பாட்டு வராது, ஆதார சுருதி மட்டும்தான், அந்த ஒரே சத்தத்தை விடாம ஊதணும், கன்னத்துல காத்தை அடைச்சு வெச்சுக்கிட்டு மூக்கால மூச்சு இழுத்துக்கிட்டே ஊதணும், சாமி புறப்பாடு மூணு மணி நேரம்னா மூணு மணி நேரமும். மாமா ஊதும்போது ரெண்டு கன்னமும் பன்னு மாதிரி உப்பியிருக்கும், கண்ணு எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கும். சின்னப் பையனா இருந்தப்ப ஒரு கல்யாணத்துல அவர்கிட்ட போய் "மாமா நீங்க ஏன் பாட்டு வாசிக்க மாட்டேங்குறீங்க"ன்னு கேட்டேன். ஏதாவது தத்துவமா சொல்லியிருப்பாருன்னு நெனைக்காதீங்க. சீவாளியை வாயிலேருந்து எடுத்து, "போய் பன்னீர்ச் சொம்பை எடுத்துக் குடுறா வெளக்கெண்ணெய்"ன்னாரு.

நம்ம மொழியையே பாருங்க. ஒருத்தன் முதுகெலும்பு இல்லாம தலையாட்டுனா "ஒத்து ஊதுறான்"னு திட்டுறோம். எவ்வளவு பெரிய அநியாயம் இது! மூணு மணி நேரம் சுருதி வெலகாம ஊதுற ஆளோட பேரை ஜால்ராவுக்குக் குடுத்து வெச்சிருக்கோம். (ஜால்ரா தட்டுறவரும் பாவம்தான், அவரு கேஸ் தனி.) இப்ப அந்த எடத்துல ஸ்விட்ச் போட்ட சுருதிப் பெட்டி வந்துடுச்சு, மாமாவும் இல்ல.

சரி, ஜாஸுக்கு வர்றேன். அன்னிலேருந்து எனக்கு ஒரு வியாதி, எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதுல யாரைக் கேக்காம விட்டேன்னு தேடுறது. அதுல மொதல்ல மாட்டுனது ஹேங்க் மோப்லி. டெனர் சாக்ஸ். இவரை லெனர்ட் ஃபெதர்னு ஒரு விமர்சகர் 'டெனர் சாக்ஸின் மிடில்வெயிட் சாம்பியன்'னு எழுதிட்டாரு. அவரு சொன்னது சத்தத்தோட கனத்தைப் பத்தி, அதே சாக்ஸ் வாசிச்ச கோல்ட்ரேன் மாதிரி இரும்பும் இல்ல, ஸ்டான் கெட்ஸ் மாதிரி பஞ்சும் இல்ல, நடுவுலன்னு. ஆனா படிச்சவன் காதுல விழுந்தது 'ரெண்டாம் தரம்'. பட்டம் குடுக்குறதுல இருக்குற ஆபத்து நமக்குச் சொல்லித்தர வேணாம், நம்ம ஊர்லயும் 'குணச்சித்திர நடிகர்'னு ஒரு பட்டம் இருக்கே, குடுத்தா அதோட முடிஞ்சுது.

மோப்லிக்கு நடந்ததுல எனக்கு ரொம்ப வயிறு எரிஞ்ச சமாச்சாரம் 1961ல. ட்ரம்பெட் வாசிக்கிற மைல்ஸ் டேவிஸோட பேண்டுல சாக்ஸ் இவருதான், ரெக்கார்டிங் நடக்குது, அதே ரெக்கார்டிங்குக்கு பேண்டை விட்டுப் போன கோல்ட்ரேனையும் மைல்ஸ் கூப்பிடுறாரு. 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' பாட்டுல ரெண்டு பேருமே வாசிக்கிறாங்க. ஆபீஸ்ல உங்க சீட்ல நீங்க இருக்கும்போதே, வேலையை விட்டுப் போன பழைய டீம் லீடைக் கூட்டிட்டு வந்து உங்க ப்ரசன்டேஷன்லயே கடைசி ஸ்லைடைப் பேச வெச்சா எப்படி இருக்கும், அது. மோப்லி மொதல்ல வாசிக்கிறாரு, சாப்ட்டுட்டு திண்ணையில சாஞ்சு உக்காந்து ஊர்க்கதை சொல்ற மாதிரி, அடிக்கு ஒரு நூல் பின்னாடியே தள்ளித் தள்ளி, சத்தம் அப்படியே உருண்டையா. பாட்டு முடியப் போற நேரத்துல கோல்ட்ரேன் வர்றாரு, கிளம்பிட்ட பஸ்ஸை ஓடிப் புடிக்கிற மாதிரி. சும்மா சொல்லக்கூடாது, புல்லரிக்கும். இருபத்தஞ்சு வயசுல நான் மோப்லியை ஓட்டிவிட்டுட்டு நேரா கோல்ட்ரேனுக்குப் போவேன். இப்ப நாப்பத்திமூணு, மோப்லி முடிஞ்சதும் திரும்ப மோப்லிக்கே போறேன். வயசாயிடுச்சுன்னு வேணா சொல்லிக்கோங்க. நம்பலேன்னா 'சோல் ஸ்டேஷன்' கேளுங்க, 1960 பிப்ரவரி 7ந்தேதி ஒரே நாள்ல முடிச்சது, பியானோ வின்டன் கெல்லி, பேஸ் பால் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. மொத பாட்டு 'ரிமெம்பர்' ஆரம்பிக்கிற விதமே, எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு ஆளு நடந்து வர்ற மாதிரி இருக்கும்.

டீனா புரூக்ஸ் கதை இதைவிட மோசம். பேரு அப்படி, ஆளு ஆம்பளைதான், இவரும் டெனர் சாக்ஸ். 1958லேருந்து 1961க்குள்ள தன் பேர்ல நாலு ஆல்பத்துக்கு ரெக்கார்ட் பண்ணாரு, உயிரோட இருந்தப்ப கடையில வந்தது ஒண்ணே ஒண்ணு, 'ட்ரூ ப்ளூ'. இன்னொண்ணுக்கு கம்பெனிக்காரன் ஆல்பம் நம்பர் வரைக்கும் குடுத்துட்டு வெளிய விடல. 1974ல செத்தாரு, 42 வயசு. இப்ப அந்த 'ட்ரூ ப்ளூ'வோட ஒரிஜினல் காப்பிக்கு நம்ம ஊர் பைக் வெலை குடுக்கக் காத்துக்கிட்டிருக்கானுங்க.

இதுல எனக்குக் கடுப்பு என்னன்னா 'மறக்கப்பட்ட மேதை'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி மறுபடியும் விக்கிறது. யாருப்பா மறந்தது? சோனி கிளார்க்னு ஒரு பியானோக்காரரு, 1963ல 31 வயசுல போய்ட்டாரு, அமெரிக்காவுல யாரும் பெருசா கண்டுக்கல, ஆனா ஜப்பான்ல காபி வாங்கிட்டு வாயை மூடிட்டு உக்காந்து ரெக்கார்ட் மட்டும் கேக்குற ஜாஸ் கடைகள் இருக்கே, அங்க அவரோட 'கூல் ஸ்ட்ரட்டின்' தேயத்தேய ஓடியிருக்கு. ஒருத்தன் மறந்ததை எல்லாரும் மறந்ததா எழுதக்கூடாது.

காபின்னதும் இன்னொரு எரிச்சல். இப்ப எந்த கஃபேக்குப் போனாலும் மெலிசா ஜாஸ் போட்டு வெச்சிருக்கான். சந்தோஷம்தான்னு போய் உக்காந்து அரை மணி நேரம் கவனிச்சுக் கேட்டேன், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் வித்தியாசமே தெரியல, யாரு வாசிக்கிறான்னு பில்லு போடுற தம்பிகிட்ட கேட்டா "அது ப்ளேலிஸ்ட் சார், பேரு ரெய்னி டே"ங்குறான். வாசிச்சவனுக்குப் பேரே இல்ல, மழைக்குப் பேரு இருக்கு.

ஆனா ஆடியன்ஸ் எப்பவும் இப்படித்தான்னும் தோணுது. 1961 ஜூன் 25, நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பு, பியானோக்காரரு பில் எவன்ஸோட மூணு பேர் ட்ரியோ. அந்த ரெக்கார்டிங்கை ஹெட்போன் போட்டுக் கேளுங்க, ஸ்காட் லஃபாரோ பேஸ்ல யாருமே அதுவரைக்கும் பேசாத பாஷை பேசிட்டிருக்காரு, கீழ கிளாஸ் இடிபடுது, எவனோ பேசுறான், யாரோ சிரிக்குது. பதினோரு நாள் கழிச்சு கார் ஆக்சிடெண்ட்ல லஃபாரோ போய்ட்டாரு, வயசு 25. அந்த மேஜையில பேசிட்டிருந்தவங்க என்ன பேசுனாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நெனப்பு. ஆனா அவங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. டிசம்பர் சீசன்ல தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கேன்டீன் பக்கம் பாயுற கூட்டத்துல நானும் ஒருத்தன். மிருதங்கக்காரரு ஏதேதோ கணக்கைக் கட்டிக்கிட்டு இருப்பாரு, நான் இங்க கீரை வடை ஆறிடப்போகுதேன்னு நிப்பேன். அவரு தனியைக் கட்டி முடிக்கவும் நான் கையைத் தொடச்சுட்டு உள்ள வரவும் கரெக்டா இருக்கும், அதுல ஒரு பெருமை வேற.

டோரதி ஆஷ்பின்னு ஒரு அம்மா, டெட்ராய்ட்காரங்க, ஹார்ப்ல ஜாஸ் வாசிச்சவங்க. ஹார்ப்னா அந்த ஆள் உசரத்துக்கு நிக்கிற யாழ் மாதிரி வாத்தியம். கறுப்பினப் பொண்ணு, அதுலயும் ஹார்ப்பு, 1950கள்ல எந்த கிளப்புக்காரன் கூப்பிடுவான். காசே வாங்காமக்கூட கச்சேரி பண்ணிக் காட்டித்தான் கூட்டம் சேத்தாங்க. 1958ல 'இன் எ மைனர் குரூவ்', கூட ஃப்ராங்க் வெஸ் ஃப்ளூட். அவரும் பேஸி பேண்டு ஆளுதான், பாருங்க எப்படிச் சுத்துனாலும் அங்கயே வந்து நிக்கிறேன். அதைக் கேட்டா ஹார்ப்புன்னா சினிமாவுல கனவு சீனுக்கு டிங்ரிங்ரிங்னு இழுக்குறதுங்குற எண்ணமே போயிடும், அந்தம்மா அதுல சுண்டிச் சுண்டி ஸ்விங் பண்ணுவாங்க. நீங்க அவங்களைக் கேட்டே இருப்பீங்க, 1976ல ஸ்டீவி வொண்டரோட 'இஃப் இட்ஸ் மேஜிக்' பாட்டுல அவரு குரலுக்குத் துணையா வர்ற ஹார்ப் அவங்கதான். பின்னாடி ஹிப்ஹாப் பசங்க அவங்க ரெக்கார்டுலேருந்து துண்டு துண்டா வெட்டி எடுத்து பீட் போட்டானுங்க. பேரு மட்டும் போஸ்டர்ல வரல.

நான் ஜாஸ்ல சாக்ஸ் கேப்பேன்னு சொன்னாலே நம்ம ஊர்ல அடுத்த கேள்வி "கத்ரி மாதிரியா?" தப்பில்ல, கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைக் கர்னாடக சங்கீதத்துக்கு உள்ள கொண்டுவந்து உக்கார வெச்ச ஆளு, 1994ல பிபிசி ப்ராம்ஸ் வரைக்கும் போனாரு, அமெரிக்க ஜாஸ் சாக்ஸ்காரரு ருத்ரேஷ் மஹந்தப்பாவோட சேந்து 2008ல 'கின்ஸ்மென்'னு ஒரு அருமையான ஆல்பம். ஆனா இதுக்கு நேரெதிரா ஒருத்தர் வந்தாரே, அவரை யாருக்காவது தெரியுமா? சார்லி மரியானோ. பாஸ்டன்ல பொறந்த இத்தாலிக் குடும்பத்து ஆளு, ஆல்டோ சாக்ஸ். பேஸ் வாசிச்ச சார்லஸ் மிங்கஸோட 1963 'பிளாக் செயிண்ட்' ரெக்கார்டுல அழுற மாதிரி ஒரு சாக்ஸ் வருமே அது இவருதான். 1960கள்ல வேலையா மலேசியா போன எடத்துல நாயனம் காதுல விழுந்து, விட முடியாம, அதைக் கத்துக்கிட்டு 1970கள்ல ரெக்கார்டுல நாகஸ்வரம்னே பேரு போட்டு வாசிச்சாரு. பெங்களூரு டி.ஏ.எஸ். மணி, ரமாமணி குரூப்போட 1983ல 'ஜோதி'ன்னு ஒரு ஆல்பமும் உண்டு, அதுல சாக்ஸும் ஃப்ளூட்டும். அவரு நாயனம் வாசிச்சதைக் கேட்டா நம்ம காதுக்கு ஏதோ வெளியூர்க்காரன் நம்ம பாஷை பேசுற மாதிரிதான் இருக்கு, கமகம் எங்கெங்கயோ போகுது, பெரிய மாமா கேட்டிருந்தா மூஞ்சியைச் சுளிச்சிருப்பாரு. எனக்கு என்னமோ அந்த உச்சரிப்பே புடிச்சிருக்கு.

நேத்து ராத்திரி மறுபடியும் அதே 'லில் டார்லின்'. வீட்டம்மா தண்ணி எடுக்க வந்தாங்க. இரு இரு, இதைக் கேளு, பின்னாடி ஒருத்தர் கிட்டார் வாசிக்கிறாரு, அம்பது வருஷம் இதையேதான் வாசிச்சாரு, கேக்குதான்னேன். பாவம், காதைச் சொம்புகிட்ட கொண்டுவந்து ஒரு நிமிஷம் முழுசா கேட்டாங்க.

"எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. அந்தக் குக்கர் மூடி கேஸ்கட்டுக்கு அடியில சோறு ஒட்டியிருக்கு, அதைக் கழட்டிக் கழுவுங்க."