கனவு முடிவு நாவலிலேயே இருக்கிறது

‘தி பாக்ஸ் ஆஃப் டிலைட்ஸ்’ என்ற சிறுவர் தொலைக்காட்சித் தொடரை, ‘நடந்ததெல்லாம் கனவு’ என்று முடித்து பிபிசி நாவலைக் கெடுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. ஜான் மேஸ்ஃபீல்டின் 1935 நாவலே அப்படித்தான் முடிகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு திரும்பும் சிறுவன் கே, ரயிலில் கண் விழிக்கிறான். அந்த முடிவு எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் பழி மூலக்கதையைச் சேர வேண்டியது.

1984-இல் வந்த ஆறு பகுதிகளும் நாவலை எவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்கின்றன என்று பாருங்கள். சுவரில் மாட்டிய மலை ஓவியத்திலிருந்து கோவேறு கழுதை இறங்கி வர, கிழவர் கோல் ஹாலிங்ஸ் அதன்மேல் ஏறி ஓவியத்துக்குள்ளேயே போய் மறைவது புத்தகத்தில் உள்ள காட்சி. தொடரில் நடிகர் பாட்ரிக் ட்ரௌட்டன் அந்தக் கிழவராகவே வாழ்ந்திருக்கிறார்.