ரெண்டு வார்த்தையை ஒட்டினால் ரேட் ஏறிடுமா?

மாக்டெயிலாம்! மெனு கார்டில் 320 ரூபாய். என்னடா அது என்று வரவழைத்துப் பார்த்தால் எலுமிச்சை, புதினா, சோடா, விளிம்பில் செருகிய ஒரு காகிதக் குடை. லெமன் சோடா என்ற பேரில் பெட்டிக்கடையில் இருந்தவரை இதற்கு இந்த விலை சொல்ல எவனுக்காவது வாய் வந்திருக்குமா? 'மாக்' என்றால் போலி, காக்டெயில் என்றால் கலப்பு மது; இரண்டையும் ஒட்டி, போலி காக்டெயில் என்று பேரிலேயே சொல்லிவிட்டு, அசல் காசை வாங்கிக்கொள்கிறான். அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் வேறு.

ஒட்டு வார்த்தைகள் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. 1905-ல் லண்டன் டாக்டர் ஒருவர் 'ஸ்மோக்', 'ஃபாக்' இரண்டையும் சேர்த்து 'ஸ்மாக்' என்றார். நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஊருக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது. டெல்லிக்கு இன்றைக்கும் தேவைப்படுகிறது. 1925-ல் கலிபோர்னியாவில் காரில் போகிறவர்கள் ராத்தங்க ஒரு விடுதி கட்டி, 'மோட்டார்', 'ஹோட்டல்' இரண்டையும் ஒட்டி அதற்கு 'மோட்டெல்' என்று பேர் வைத்தார்கள். அதுவும் சரி.

ஆனால் இப்போது வருகிறதெல்லாம் பில் போடுவதற்கென்றே பிறந்தவை. 'பிரஞ்ச்' என்று காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கினால் ஒரு வேளைச் செலவு மிச்சமாக வேண்டும், அதுதானே நியாயம்? ஸ்டார் ஹோட்டலில் போய் விலையைப் பாருங்கள், நாலு வேளைக்கான காசு. 'ஸ்டேகேஷன்' இன்னும் மோசம். 2008 பொருளாதாரச் சரிவில், ஊர் சுற்றக் காசில்லாமல் லீவுக்கு வீட்டோடு கிடந்த அமெரிக்கர்கள் வாயில் பரவிய வார்த்தை அது. இல்லாதவன் சொன்ன வார்த்தையையும் பிடுங்கிக்கொண்டு போய், ஈசிஆர் ரிசார்ட்டில் 'ஸ்டேகேஷன் பேக்கேஜ்' என்று விற்கிறார்கள். வரி தனி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'வொர்க்கேஷன்' என்று ஒன்று வந்திருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் தெரியும்! நாலு நாள் லீவு கேட்டேன். "லீவு எதுக்கு? வொர்க்கேஷனா எடுத்துக்கோங்களேன்" என்கிறார் மேனேஜர், என்னமோ போனஸ் தருகிற முகத்தோடு. வேக்கேஷனில் எந்தப் பாதியை வெட்டியிருக்கிறார்கள், கவனித்தீர்களா? 'வேக்' போய்விட்டது, அந்த இடத்தில் 'வொர்க்' சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. கொடைக்கானலில் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஏரியில் போட்டிங் போக, நான் ரூமில் ஜன்னல் கம்பியோரம் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "ஹலோ, கேட்குதா? ஸ்கிரீன் தெரியுதா?" என்று கத்திக்கொண்டிருந்தேன். ரூம் வாடகை என் பாக்கெட்டிலிருந்து. ஆபீஸ் கரண்ட் பில் அவர்களுக்கு மிச்சம். திரும்பி வந்ததும் ஹெச்.ஆர். கேட்கிறார், "எப்படி சார், ரெஃப்ரெஷ் ஆனீங்களா?"

இந்தக் கூட்டத்தில் நான் பார்த்த ஒரே யோக்கியமான வார்த்தை 'ஷ்ரிங்க்ஃப்ளேஷன்'. 'ஷ்ரிங்க்' என்றால் சுருங்குவது, 'இன்ஃப்ளேஷன்' என்றால் விலைவாசி ஏற்றம். விலை அதேதான், உள்ளே சரக்குதான் குறைந்திருக்கும். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் கிராம் கணக்கைப் படித்தவர்களுக்குத் தெரியும். எதற்கெடுத்தாலும் வார்த்தையை ஒட்டி விளம்பரம் செய்கிறவர்கள் இதை மட்டும் வாயில் எடுக்கவே மாட்டார்கள். அந்தப் பாக்கெட்டின் முன்பக்கம் மஞ்சள் எழுத்தில் 'நியூ லுக்' என்றுதான் போட்டிருப்பார்கள்.