வேஷமும் இல்ல, வாயும் திறக்கல, பை மட்டும் நீளுது

பிள்ளைங்க வேஷம் போட்டு வீடு வீடா வந்து மிட்டாய் கேக்குற ஹாலோவீன் நாள், அக்டோபர் 31 வந்தாலே காலிங் பெல்லைக் கழட்டி அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிடலாமான்னு எனக்குத் தோணும். ஆனா அதுக்கு முந்தின வாரமே மொத்தக் கடைக்குப் போய், இருக்கிறதுலயே பெரிய சாக்லேட் பெட்டியா பாத்துத் தூக்கிட்டு வர்றவளும் நான்தான். ஹாலோவீன் உனக்குப் பிடிக்குமா பிடிக்காதான்னு யாராவது கேட்டா, ராத்திரி ஏழரை வரைக்கும் பிடிக்கும்னு சொல்லுவேன். ஏழரைக்கு மேலதான் நமக்கு ஏழரையே ஆரம்பிக்கும்.

பிடிச்சத முதல்ல சொல்லிடறேன். இல்லன்னா பிள்ளைங்கன்னாலே ஆகாதவன்னு முத்திரை குத்திடுவீங்க. கனடாவுல இந்த நாள்ல ஆறு மணி சுமாருக்கே சூரியன் இறங்கிடும். இருட்ட ஆரம்பிச்சதும் முதல்ல வர்றது பொடிசுங்க. ரெண்டு வயசு, மூணு வயசு. ஒண்ணு தேனீ, ஒண்ணு பூசணிக்காய். குளிருக்காக வேஷத்துக்கு மேல ஜாக்கெட்ட மாட்டி விட்டிருப்பாங்க, உள்ள இருக்கிறது புலியா பூனையான்னு பின்னாடி தொங்குற வாலைப் பாத்துதான் நாம முடிவு பண்ணணும். படியேறி வந்து நின்னதும் சொல்ல வேண்டிய 'ட்ரிக் ஆர் ட்ரீட்' (மிட்டாய் கொடு, இல்லன்னா குறும்பு பண்ணுவேன்) அதுக்கு மறந்து போயிருக்கும். என் முகத்தையே பாக்கும். கீழ நிக்கிற அம்மா எடுத்துக் கொடுப்பா. அது வாய்க்குள்ளயே என்னமோ முனகும். ஒரு வருஷம் ஒரு குட்டி டைனோசர் சாக்லேட்டக் கண்டுக்கவே இல்ல, என் காலுக்கு நடுவுல புகுந்து வீட்டுக்குள்ள போய் சோபாவுல உக்காந்துடுச்சு. அவங்க அப்பா வெக்கப்பட்டு ஷூவக் கழட்டிட்டு உள்ள வந்து தூக்கிட்டுப் போனார். அந்தப் பிள்ளைக்கு நான் பெட்டியையே கொடுத்திருப்பேன்.

சரி, இப்ப ஏழரைக்கு வருவோம்.

பெல் அடிக்குது. திறந்தா நாலு பேர். எல்லாம் என்னை விட உயரம். ஒருத்தனுக்கு மீசையே முளைச்சாச்சு. வேஷம்? ஒண்ணும் கிடையாது. தினமும் ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போற அதே கறுப்பு ஹூடி. கையில தலகாணி உறை. முதல் ஆள் காதுல இயர்பட்ஸ மாட்டிக்கிட்டு யார்கிட்டயோ பேசிட்டே உறைய நீட்டுறான். என்னைப் பாக்கக்கூட இல்ல. ட்ரிக்கும் இல்ல, ட்ரீட்டும் இல்ல, ஒரு ஹலோ இல்ல. "நீ என்ன வேஷம்ப்பா?"ன்னு இங்கிலீஷ்ல சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். "டீனேஜர்"னு பதில் வருது. கூட நின்னவனுங்க விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. ஏல, நான் என்ன ரேஷன் கடையா நடத்துறேன், வந்து வரிசையில நின்னு பைய நீட்டிட்டுப் போறதுக்கு?

எனக்கு ஏன் இவ்வளவு கோவம் வருதுன்னா, நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வேஷம் கட்டி வீடு வீடா வர்றத எனக்கு யாரும் அமெரிக்காவுல இருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்ல. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவப் பாத்திருந்தா நான் சொல்றது புரியும். அதுவும் ஏறக்குறைய இதே சீசன்தான், புரட்டாசி மாசம். வாரக்கணக்குல விரதம் இருப்பாங்க. காளி, ராஜா, குரங்கு, கரடின்னு நேந்துக்கிட்ட வேஷத்தக் கட்டுவாங்க. காளி வேஷம் போடுறவருக்குத் தலையில கிரீடம், சடைமுடி, வாயில தொங்குற நாக்கு, உடம்பு முழுக்க நகை. அந்தப் பாரத்தத் தூக்கிக்கிட்டு வெயில்ல ஊர் ஊரா நடந்து, மேளத்தோட நம்ம வாசல்ல வந்து ஆடுவாங்க. வாங்குற காணிக்கை கோயில் உண்டியலுக்குப் போகும். எங்க ஆச்சி காளி வேஷம் வந்தா செருப்பக் கழட்டிட்டுதான் காசு போடுவா. பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன்தான் அந்த வேஷத்துக்குள்ள இருக்கார்னு அவளுக்கு நல்லாத் தெரியும், ஆனாலும் கும்பிடுவா. வேஷம்னா அது. அதப் பாத்து வளந்தவ முன்னாடி வந்து ஹூடியோட நின்னு 'டீனேஜர்'னா எரியுமா எரியாதா?

பக்தியோட வரணும்னு நான் கேக்கல. ஒரு அழுக்கு பெட்ஷீட்ல ரெண்டு ஓட்டை போட்டுப் பேய்னு வா, போதும். மூஞ்சியில அம்மாவோட கண்மையத் தடவிட்டு வா. ஏதாவது ஒரு மெனக்கெடல். அப்புறம் வாயத் திறந்து கேளு. பேச வராத பிள்ளைங்க உண்டு, ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்களுக்காகச் சில பெத்தவங்க நீல வாளி கொடுத்து அனுப்புறாங்க. அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை எதிர்பாக்க மாட்டேன். வளத்தியா இருக்கிற பன்னெண்டு வயசுப் பிள்ளையையும் வயசக் கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன். ஆனா போன்ல வாய் ஓயாம பேசுறவனுக்கு என்கிட்ட மட்டும் ஊமை வேஷமா?

உண்மையிலயே சில ஊர்ல இதுக்குச் சட்டம் போட்டிருக்காங்க தெரியுமா? வர்ஜீனியாவுல செசபீக்னு ஒரு ஊர். 1970ல இருந்து அங்க பன்னெண்டு வயசத் தாண்டினவங்க மிட்டாய் கேட்டு வீடு வீடா போறது குற்றம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு ஏட்டுல இருந்துச்சு. 2019லதான் வயச 14 ஆக்கி ஜெயிலத் தூக்கினாங்க. அதப் படிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. எனக்குக் கோவம்தான், ஆனா ஒரு துண்டு கிட்கேட்டுக்காக எவனையும் உள்ள தள்ளணும்னு நினைக்கிற அளவுக்கு இல்ல. பதினஞ்சு வயசுல போதையத் தேடிப் போகாம மிட்டாயத் தேடி வர்றானேன்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி கூட உண்டு. அந்த நிம்மதியாலதான் ஒவ்வொரு தடவையும் உறைக்குள்ள போட்டுத் தொலைக்கிறேன்.

பிள்ளைங்கள விடுங்க. பெத்தவங்களப் பத்திப் பேசினா வாயில நல்ல வார்த்தை வராது. ஒரு வருஷம் நானும் இவரும் கோயிலுக்குப் போக வேண்டியிருந்துச்சு. பிள்ளைங்க ஏமாந்து போகக் கூடாதேன்னு ஒரு பாத்திரம் நிறைய சாக்லேட்டப் போட்டு, 'தயவுசெய்து ஒண்ணு மட்டும்'னு அட்டையில எழுதி வாசல்ல வெச்சிட்டுப் போனோம். வந்து கேமராவப் பாத்தா, ஒரு சின்னப் பொண்ணு தேவதை வேஷத்துல வந்து அட்டைய எழுத்துக்கூட்டிப் படிச்சு, சமத்தா ஒண்ணே ஒண்ணு எடுத்துச்சு. பின்னாடியே வந்த அதோட அம்மா, பாத்திரத்தத் தூக்கிப் பைக்குள்ள கவுத்திட்டா. அந்தப் பொண்ணு அம்மாவ நிமிந்து பாத்துச்சே ஒரு பார்வை! என் சாக்லேட் போனது எனக்குப் பெரிசில்ல.

இதுல இன்னொரு ரகம், வண்டியிலயே ஊர்ந்து வர்ற குடும்பம். வேனோட கதவத் திறந்தே வெச்சு, வீட்டுக்கு வீடு நிறுத்தி, பிள்ளைங்கள இறக்கி ஏத்தி, மிட்டாய் வசூல். வேற தெருவுல இருந்து வர்றாங்கங்கிறது என் பிரச்சனை இல்ல, எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பேன். ஆனா அந்த இருட்டுல, கறுப்பு வேஷம் போட்டு, முகமூடியில பக்கத்துல வர்றதே தெரியாம பிள்ளைங்க ரோட்டக் குறுக்க ஓடுற நேரத்துலயா வண்டிய உருட்டுவீங்க? அமெரிக்காவுல 1975ல இருந்து 2016 வரைக்குமான விபத்துக் கணக்க எடுத்து ஒரு ஆய்வு வந்துச்சு. மத்த சாயங்காலங்களோட ஒப்பிட்டா ஹாலோவீன் சாயங்காலம் நடந்து போறவங்க வண்டியில அடிபட்டுச் சாகுறது 43 சதவீதம் அதிகம். பேய்க்குப் பயப்படுற நாள்ல பயப்பட வேண்டியது இதுக்குத்தான். நடங்கய்யா! நடக்கிறதுதான இதுல இருக்கிற சுகமே.

அப்புறம் 2024. அந்த வருஷம் தீபாவளியும் அக்டோபர் 31, ஹாலோவீனும் அக்டோபர் 31. ரெண்டும் ஒரே வியாழக்கிழமை. காலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சு, வேலைக்குப் போயிட்டு ஓடி வந்து, வாசல்ல கோலம் போட்டு அகல்விளக்கு வரிசையா ஏத்தினேன். எதிர்த்த வீட்டு வாசல்ல பன்னெண்டு அடி எலும்புக்கூடு நிக்குது, புகை வருது, யாரோ கழுத்தறுபட்டு அலறுற சத்தம் ஸ்பீக்கர்ல ஓடுது. எங்க பிராம்ப்டன்ல 2022லயே பட்டாசு விக்கக் கூடாது, வெடிக்கக் கூடாதுன்னு தடை வந்தாச்சு. அந்தத் தடைக்கு நான் எதிரி இல்ல, நடுராத்திரி வரைக்கும் வெடிச்சு நம்ம ஆளுங்க பண்ணின அழும்பு அப்படி. ஆனா நரகாசுரன் செத்த நாளுக்கு நான் மூச்சு விடக் கூடாது, எதிர்வீட்டுப் பேய் மட்டும் மூணு மணி நேரம் அலறலாமாங்கிற கேள்வி அன்னைக்குப் பூரா தொண்டையிலயே நின்னுச்சு.

போதாததுக்கு வீட்டுல சுடச்சுட முறுக்கு இருக்கு, அதிரசம் இருக்கு. வாசல்ல பிள்ளைங்க வரிசையா நிக்குது. ஒண்ணையாவது கொடுக்க முடியுமா? முடியாது. கம்பெனிக் காகிதம் சுத்தாத எதையும் வீட்டுக்குப் போனதும் குப்பையில போட்டுடுவாங்க. முன்பின் தெரியாதவங்க விஷம் வெச்சுக் கொடுத்துடுவாங்களாம். ஜோயல் பெஸ்ட்னு ஒரு சமூகவியலாளர், 1958ல இருந்து வந்த செய்திகளத் தோண்டிப் பாத்தவர். முகம் தெரியாத ஒருத்தர் ஹாலோவீன் மிட்டாய்ல விஷம் வெச்சு ஒரு பிள்ளை செத்ததா உறுதியான சம்பவம் ஒண்ணு கூட அவருக்குக் கிடைக்கல. 1974ல டெக்சாஸ்ல ஒரு பையன் சயனைடு கலந்த மிட்டாயத் தின்னு செத்தான்னு எல்லாரும் இன்னைக்கும் சொல்லுவாங்க. வெச்சது யாரு? இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பெத்த அப்பனே வெச்சான். பழி மட்டும் இன்னைக்கு வரைக்கும் என் அதிரசத்து மேல! அலர்ஜிக்குப் பயந்தா அது நியாயம், நானே வேர்க்கடலை இல்லாததாத்தான் பாத்து வாங்குறேன். ஆனா விஷக்காரின்னு நினைச்சு ஒதுக்குறது வலிக்குது. அன்னைக்கு அதிரசத்தக் கை நீட்டி வாங்கி, வாசல்லயே நின்னு தின்னது பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி மட்டும்தான்.

சரி, கம்பெனி சாக்லேட்டே வாங்குவோம்னா அது விக்கிற விலை. ஐவரி கோஸ்ட்லயும் கானாவுலயும் கொக்கோ விளைச்சல் படுத்ததுல, 2024 டிசம்பர்ல ஒரு டன் கொக்கோ பன்னெண்டாயிரம் டாலரத் தாண்டிச்சு. பெட்டி அதே சைஸ்ல இருக்கு, உள்ள இருக்கிறது எறும்புக்குக் கூடப் பத்தாது. அதக் கொடுத்தா ஒரு பொண்ணு பைக்குள்ள எட்டிப் பாத்து, "அடுத்த தெருவுல முழு சாக்லேட் பார் தர்றாங்க"ங்குது. அடுத்த தெருவுக்கே போ தாயி.

"பிடிக்கலன்னா வாசல் லைட்ட அணைச்சிட்டு உள்ள இருக்க வேண்டியதுதான?"ன்னு ஈசியா சொல்லுவீங்க. அதான் இந்த ஊர் வழக்கம், லைட் எரியலன்னா தட்டக் கூடாது. உடம்பு முடியாத ஒரு வருஷம் அதையும் பண்ணிப் பாத்தாச்சு. டிவி சத்தத்தக் கூடக் குறைச்சுக்கிட்டு, சமையக்கட்டு லைட்டையும் போடாம, கடன்காரனுக்குப் பயந்து ஒளிஞ்சவ மாதிரி என் சொந்த வீட்டுக்குள்ளயே இருட்டுல உக்காந்திருந்தேன். அப்பவும் தட்டினாங்க. காலையில பாத்தா கார் கண்ணாடியில முட்டை. இந்தக் கொடுமையில இன்னொரு கொடுமை என்னன்னா, அன்னைக்கு ஜன்னல் திரை ஓரமா நின்னு, அந்த வருஷம் என்னென்ன வேஷம் போகுதுன்னு எட்டி எட்டிப் பாத்துட்டிருந்ததும் நான்தான். ஒரு குட்டி இட்லிப்பானை மாதிரி ஏதோ ஒண்ணு போச்சு. அது என்ன வேஷம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அதனால இந்த வருஷத்துக்கு ஒரு முடிவு எடுத்திருக்கேன். ஸ்காட்லாந்துல இந்த வழக்கத்துக்கு 'கைஸிங்'னு பேரு. அங்க வேஷம் போட்டுட்டு வந்தா மட்டும் பத்தாது, ஒரு பாட்டு, ஒரு கவிதை, ஒரு ஜோக்னு ஏதாவது செஞ்சு காட்டினாதான் கையில எதுவும் விழும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கராஜ் முன்னாடி ஒரு மடக்கு மேசை, ஒரு நாற்காலி, ஃபிளாஸ்க்ல சுக்குக் காப்பி. பொடிசுங்களுக்கு எந்தக் கேள்வியும் கிடையாது. வேஷம் கட்டிட்டு வர்ற எல்லாருக்கும் ரெண்டு. வேஷம் இல்லாத தடியனுங்களுக்கு ஒரு பாட்டு, இல்ல ஒரு ஜோக்கு, எந்த மொழியில வேணா இருக்கலாம், மொக்கையாவும் இருக்கலாம். சொன்னா முழு பார், சொல்லலன்னா போயிட்டு வா ராசா. "இப்படியெல்லாம் கேட்டா ஒருத்தனும் நம்ம வாசல மிதிக்க மாட்டான், முட்டைதான் மிஞ்சும்"னு இவர் சொல்றார். முட்டை விக்கிற விலைக்கு எறியட்டும் பாப்போம்.

எட்டரைக்கு மேசைய மடக்கி லைட்ட அணைச்சிடுவேன். அதுக்கப்புறம் எவன் தட்டினாலும், நாக்கு தொங்குற காளி வேஷத்துல வந்து நின்னா மட்டும்தான் கதவு திறக்கும்.