எல்லை தாண்டினால் சுடலாமா? அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: ‘கச்சத்தீவைத் தாண்டிப் போகும் படகைச் சுட இலங்கைக் கடற்படைக்குச் சர்வதேசச் சட்டமே உரிமை கொடுத்திருக்கு.’ அப்படி ஒரு உரிமை கிடையாது.

சரி, பாதி உண்மை இருக்கிறது. 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லைக்கோடு போட்டது. அதைத் தாண்டி மீன் பிடித்தால் படகை மறிக்கலாம், ஏறிச் சோதிக்கலாம், கைது செய்து வழக்குப் போடலாம். ஜிபிஎஸ் திரையில் ஒரு கண் வைத்தே விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பிடிக்கிற அதிகாரம் வேறு, சுடுகிற அதிகாரம் வேறு.

‘சைகா’ என்ற எண்ணெய்க் கப்பல் வழக்கைப் பாருங்கள். சரக்கு நிறைந்து, நீரில் தாழ்ந்து, மெதுவாகவே போகக்கூடிய கப்பல். சும்மாவே ஏறிப் பிடித்திருக்கலாம். கினி நாட்டு ரோந்துப் படகு சுட்டுக்கொண்டே வந்தது. கப்பலில் இருந்த இருவருக்குக் காயம். சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999-இல் கினி செய்தது மிதமிஞ்சிய பலப்பிரயோகம் என்றது. தீர்ப்பாயம் சொன்ன முறை இது: முதலில் ஒலியாலோ ஒளியாலோ நிற்கச் சொல்லி சைகை. கேட்காவிட்டால் அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, முன்னால் தண்ணீரில் எச்சரிக்கை வேட்டு போன்ற நடவடிக்கைகள். எல்லாம் பலிக்காத பிறகே பலப்பிரயோகம். அப்போதும் முன்னெச்சரிக்கை தர வேண்டும், உயிருக்கு ஆபத்து வராமல் பார்க்க வேண்டும்.

அப்புறம், செய்தியை அனுப்பியவர் விட்டுவிட்ட ஒன்று: இந்திய மீன்பிடிப் படகுகள் மீது துப்பாக்கிச் சூடு கூடாது என்று 2008 அக்டோபரில் இரு நாடுகளுமே கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டிருக்கின்றன.