கட்டையை விட்டுவிட்டு அடவை மட்டும் எடுத்துக்கொண்டோம்

நம்மூர் நவீன நாடகக் குழு எதனுடைய செலவுக் கணக்கையும் வாங்கிப் பாருங்கள். அரங்க வாடகை, ஒலி, ஒளி, போஸ்டர், வேன், சாப்பாடு எல்லாம் தனித்தனி வரியில் இருக்கும். கடைசியில் "உடை, இதர செலவு" என்று இரண்டையும் சேர்த்து ஒரு தொகை. பல நேரம் அந்தத் தொகையும் கைக்கு வராது. நடிகர்களே வீட்டிலிருந்து கறுப்பு டி-ஷர்ட்டும் கறுப்பு பேன்ட்டும் கொண்டுவந்துவிடுவார்கள். கிராமத்துக் கதை என்றால் ஆளுக்கொரு கைலி, தலையில் ஒரு துண்டு. பெண்களுக்கு யாரோ ஒருவருடைய அம்மாவின் காட்டன் புடவை.

காசில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. தெருக்கூத்துக்காரர்களிடம் எந்தக் காலத்தில் காசு இருந்தது? பாதிப் பேர் பகலில் கழனி வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் உடுப்பை விட்டுக்கொடுக்கவில்லையே. நம்மிடம் இல்லாமல் போனது உடை மேடையில் என்ன வேலை செய்கிறது என்ற ஞாபகம்தான்.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி பக்கம் கூத்துக்குப் போனால் ஆட்டம் தொடங்கும் முன்பே வேஷம் கட்டும் கொட்டகைக்குள் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அங்கேதான் பாதிக் கூத்து. தரையில் சம்மணம் போட்டு, கையகலக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கண்ணனுக்குப் பச்சை. பிறகு காலில் சலங்கை. இடுப்பைச் சுற்றிப் பழைய புடவைகளை அடுக்கடுக்காகக் கட்டி, அதற்கு மேலே விரிந்த பாவாடை. எல்லாம் முடிந்த பிறகுதான் கட்டை வெளியே வரும். மார்புப் பதக்கம், புஜக்கட்டை, கன்னத்தை ஒட்டி நிற்கும் கட்டைகள், கிரீடம். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியவை. இதைத் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. இன்னொருவர் பின்னால் நின்று, முதுகில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இழுப்பார். கட்டிக்கொள்கிறவர் மூச்சை அடக்கி நிற்பார். "போதுமாண்ணா?" "இன்னும் இழுடா." தொளதொளவென்று கட்டினால் கிறுக்கி என்கிற வேகச் சுழற்சி ஆடும்போது கட்டை நழுவி மானம் போய்விடும்.

கட்டி முடித்ததும் அந்த மனிதரைப் பார்க்கவேண்டும். சற்று முன் பீடியைப் பிடித்தபடி மகளின் காலேஜ் ஃபீஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர். இப்போது கை தொங்காது, புஜக்கட்டை விடாது. கழுத்தை மட்டும் திருப்ப வராது, திரும்பினால் உடம்போடு திரும்பவேண்டும். பாவாடையின் அகலத்துக்குக் கால் அகன்றுதான் விழும். ராஜா நடையில் பாதியைக் கட்டையே நடத்திவிடுகிறது. மீதியைத்தான் வாத்தியார் சொல்லித்தந்தார்.

அதற்கப்புறம் திரைப் பிரவேசம். இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால்கள். முகத்தைக் காட்டாமலே பாடிக்கொண்டிருப்பார். வந்திருப்பது யார் என்று முதல் வரிசைக் குழந்தைகளுக்குக்கூட அதற்குள் தெரிந்துவிடும். பந்தம் பிடித்து ஆடிய காலத்திலும், பிறகு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும், அந்தக் கண்ணாடித் துண்டுகள் கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பிடித்துக் கடைசி வரிசைவரை எறிந்தன. உடையே விளக்கின் வேலையையும் செய்தது. இன்று நாலு பக்கமும் எல்.ஈ.டி. போட்டு அந்த மினுமினுப்பைத் தட்டையாக்கி வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தனி வருத்தம்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1977-இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கினார். கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் நவீன நாடகக்காரர்கள் கூத்துக் கற்றார்கள். தமிழ் மேடைக்கு அதனால் கிடைத்த தெம்பு கொஞ்சநஞ்சமில்லை, அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் பின்னால் வந்த குழுக்கள் பலவற்றில் அடவு என்கிற ஆட்ட அசைவு வந்தது, உரத்த குரல் வந்தது, கதை சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் வந்தார், திரைகூட வந்தது. கட்டை மட்டும் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. கறுப்பு டி-ஷர்ட் போட்ட இளைஞன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தி அகலக் கால் வைத்து மேடையைச் சுற்றும்போது எனக்கு ஒரே கேள்விதான் வரும்: அந்தக் கை ஏன் அங்கே நிற்கிறது? அது கட்டை கட்டிய உடம்பின் கை. கட்டையைக் கழற்றிவிட்ட பிறகும் கை அங்கேயே நின்றால், பார்க்கிறவருக்கு அது வெறும் பயிற்சியாகத் தெரியும். நவீன நாடகத்துக்கும் புஜக்கட்டை கட்டச் சொல்லவில்லை. கட்டை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா என்றுதான் கேட்கிறேன்.

இலங்கையின் மட்டக்களப்புக் கூத்தைப் பாருங்கள். அங்கே வடமோடி, தென்மோடி என்று இரண்டு. வடமோடியில் அரச வேஷக்காரர்களுக்குக் கூடைபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் பெரிய கிரீடமும். தென்மோடியில் துணியுடுப்பு, தலையில் பூமுடி, பாரம் குறைவு. தென்மோடியின் நுணுக்கமான காலாட்டத்தைக் கரப்புடுப்போடு ஆடிக்காட்டச் சொல்லிப் பாருங்கள், முடியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்துகளை மேடைக்குச் சுருக்கிக் கொண்டுவந்தபோது (1962-இல் கர்ணன் போர், 1964-இல் இராவணேசன்) ஆட்டத்தோடு உடையையும் ஒளியையும் சேர்த்தே யோசித்தார்கள். ஒன்றை அசைத்தால் மற்றது அசையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் இது வேறு மாதிரி. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டு, அவரவர் உடுப்புப் பெட்டியோடு நேரே மேடைக்கு வருகிறார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. அந்தப் பெட்டிதான் அவர்களுடைய தொழில்.

"நடிகனின் உடம்பு போதும், உடை எதற்கு" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. வங்க நாடகக்காரர் பாதல் சர்க்காரைக் காட்டுவார்கள். 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நாடகக்காரர்களை அசைத்தது உண்மை. ஆனால் அவர் மேடையை விட்டுத் தெருவுக்கும் மைதானத்துக்கும் போனவர், டிக்கெட் காசை நம்பாமல் நாடகம் போட நினைத்தவர். யோசித்து, காரணத்தோடு உடையைக் கழித்தார். ஏ.சி. அரங்கில் டிக்கெட் போட்டு, விளக்குக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, உடைக்கு மட்டும் அவர் பெயரைச் சொல்வது நியாயமே இல்லை.

பாரதக் கூத்தில் துகிலுரியும் இரவைப் பார்த்தவர்களிடம் உடை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். பாஞ்சாலி வேஷம் கட்டியிருப்பது ஆண் என்று ஊருக்கே தெரியும். துச்சாதனன் துகிலில் கைவைக்கும் இடத்தில் ஆட்டம் நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். அதுவரை மீசையை முறுக்கிக் கத்திக்கொண்டிருந்தவர், வேஷத்தோடேயே, தான் செய்யப்போவதற்காக அம்மனைக் கும்பிடுவார். என் பக்கத்தில் இருந்த கிழவி புடவையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு கையெடுத்தாள். ஒரு துணியின் மேல் அத்தனை பேருடைய பயமும் நிற்கும். அதே காட்சியை ஒரு நகரத்து மேடையில் பார்த்தேன். பளபளக்கும் வழுக்குத் துணி, ஒரே இழுப்பில் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. துச்சாதனனுக்கே அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எந்தத் துணி, எத்தனை முழம், எங்கே செருகுவது, எவ்வளவு வேகத்தில் அவிழவேண்டும் என்று ஒத்திகையில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

உடை தைத்துத் தரும் வேலையில் நானும் கொஞ்ச காலமாக இருக்கிறேன். ஒரு நாடகத்தில் பாட்டி வேஷம் கட்டிய பெண்ணுக்கு முதல் வாரமே முரட்டுக் கண்டாங்கிப் புடவையைக் கணுக்கால் தெரியக் கட்டிவிட்டு, இடுப்பில் ஒரு சுருக்குப்பையும் செருகிவிட்டேன். இருபத்து மூன்று வயதுப் பெண். முதுகைக் கூனிக்கொண்டு, குரலை நடுங்கவிட்டு, வழக்கமான கிழவி நடிப்பில்தான் இருந்தாள். புடவை வந்த பிறகு கூனல் தானாகப் போனது, உட்காரும்போது காலை நீட்டி உட்கார ஆரம்பித்தாள். மகன் வீட்டை விற்கப்போகிறேன் என்று சொல்லும் இடத்தில் அவளுக்கு வசனம் சரியாக வரவே இல்லை. ஒருநாள் பதில் சொல்லாமல் சுருக்குப்பையை எடுத்து, கயிற்றைத் தளர்த்தி, உள்ளே விரலால் துழாவிப் பாக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டுப் பேசினாள். இயக்குநர் அந்த இடத்தில் இருந்த மூன்று வரி வசனத்தை வெட்டிவிட்டார். அந்தப் பையை நாடக நாளன்று கொடுத்திருந்தால் அது வெறும் பை.

நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை நான்காகப் பிரித்து, உடையும் ஒப்பனையும் சேர்ந்த ஆஹார்யத்தை ஆங்கிகம் (உடல்), வாசிகம் (பேச்சு), சாத்விகம் (உள்ளுணர்வு) ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. தில்லி தேசிய நாடகப் பள்ளியை இப்ராஹிம் அல்காஸி நடத்திய காலத்தில் அவர் மனைவி ரோஷன் அல்காஸி இந்திய உடை வரலாற்றையே ஆராய்ந்து அவருடைய நாடகங்களுக்கு உடை அமைத்தார். நாம் இன்னும் அழைப்பிதழில் "உதவி" என்ற தலைப்பின் கீழ் தையல்காரரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், சில சமயம் அதுவும் இல்லை.

ஆடி, ஆவணியில் புது நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கப்போகும் குழுக்கள் சில எனக்குத் தெரியும், நீங்களும் இதைப் படிப்பீர்கள். பிரதியை முதன்முதலாக வாசிக்கும் அன்றைக்கே உடைக்காரரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ஒத்திகைத் துணி ஏதாவது நடிகர்கள் உடம்பில் இருக்கட்டும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. செலவுக் கணக்கில் உடைக்குத் தனி வரி போடுங்கள். அழைப்பிதழில் ஒளியமைப்பாளர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவில் உடை தைத்தவர் பெயரும் இருக்கட்டும்.