முப்பந்தல் காற்றைத் தை மாதத்துக்குச் சேமிக்க முடியாது

கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் பேட்டரி வைத்து ஆனி, ஆடிக் காற்றின் கரண்டைச் சேமித்தால் தை, மாசி வரை கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. மின்தொகுப்பில் வைக்கும் பேட்டரிகள் பெரும்பாலும் முழுத் திறனில் 2 முதல் 4 மணி நேரம் மட்டுமே கரண்ட் தருபவை. 100 மெகாவாட், 2 மணி நேரம் என்றால் மொத்தமே 2 லட்சம் யூனிட். அதே அளவு காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றினால் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அப்புறம் ஆறு மாதம் பூட்டி வைத்தால் போட்ட பணம் எப்படித் திரும்பும்? தினமும் ஏற்றி இறக்கினால்தான் கட்டுப்படியாகும். நடுராத்திரிக் காற்றை மறுநாள் மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தள்ளித் தருவதுதான் பேட்டரியின் வேலை, அதுவே பெரிய உதவி.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். முப்பந்தலை அடுத்த ஆரல்வாய்மொழி வழியே பஸ்ஸில் போகும்போது நல்ல காற்றிலும் சில காற்றாலைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாமே பழுது அல்ல. வெளியே போகும் லைன் நிரம்பினாலும் நிறுத்தச் சொல்வார்கள். அதற்குச் சென்னையில் பேட்டரி வைத்துப் பயனில்லை, கரண்ட் அங்கே போய்ச் சேராதே! லைனுக்கு இந்தப் பக்கம், காற்றாலைகள் இணையும் துணைமின்நிலையத்திலேயே வைக்க வேண்டும். நாகர்கோவிலில் மாலை நேர டிரான்ஸ்பார்மர் சுமைதான் பிரச்சினை என்றால், ஊருக்குள் இருக்கும் துணைமின்நிலையத்தில் வைக்க வேண்டும்.